பூக்கூடைச் சிறுமியை எந்த வர்ணத்தில் தீட்டுவது?

ஒரே சிறுமியை நான்கு தரம் வரைந்துவிட்டேன். வட்டத் தொப்பி, கணுக்கால் வரை இறங்கும் வெள்ளைச் சட்டை, இரண்டு கையாலும் பிடித்த பூக்கூடை. பழைய ஆங்கிலச் சிறுவர் நூல்களில் வருகிற வகைப் படம். போஸ்டர் கலரில் தீட்டிய முதல் படத்தில் அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. அக்ரிலிக்கில் வயது குறைந்தது. கன்னம் மட்டும் யாரோ அறைந்ததுபோலச் சிவந்து நின்றது. கலர் பென்சிலில் முகம் சரியாக வந்தது, ஆனால் சட்டையின் மடிப்புகளை நிரப்பி முடிக்க மூன்று கிழமை ஓடிவிட்டது. நீர்வர்ணத்தில் ஓரளவுக்கு அவள் அவளாக நின்றாள். அதுவும் இரண்டு தாளை நாசமாக்கிய பிறகு.

நான்கையும் விறாந்தைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தேன். அண்ணனின் மகள் ஒன்பதாம் ஆண்டில் சித்திரம் படிக்கிறாள். வந்து பார்த்தவள், "மாமி, இவர்கள் நான்கு பேரும் அக்கா தங்கைகளா?" என்று கேட்டாள். கேலிதான். ஆனால் ஒரே படத்தைப் பார்த்து, ஒரே கை வரைந்தும் ஏன் நான்கு பேராகிவிட்டார்கள் என்று அதன் பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தூரிகையே தொடாதவர், அலுவலகம் முடிந்து வந்து மாலையில் ஒரு மணி நேரம் வரையலாம் என்று நினைத்தால் எதை வாங்குவது, எந்தப் படத்தை எடுப்பது, எப்படித் தொடங்குவது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுச் சொல்கிறேன். நான் வரைவது மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். காற்றில் உள்ள ஈரமும் நம் கடைகளில் கிடைக்கும் தாளும் என் கணக்கில் சேரும். நுவரெலியாவில் இருப்பவருக்குக் கணக்கு மாறலாம்.

பழைய படம் ஒன்றைப் பார்த்து வரைந்து பழகுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பிள்ளை எங்கே நிற்க வேண்டும், கூடை எவ்வளவு பெரியது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் வேறொருவர் முடிவுசெய்து வைத்திருக்கிறார். நமக்கு மிச்சம் இருப்பது கைவேலை. ஆனால் யாருடைய படம் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வேலை செய்தவர்கள்.

பூவும் பிள்ளையும் என்றால் மூன்று பெண்களின் பெயர் முதலில் வரும். லண்டனில் 1846இல் பிறந்து 1901இல் இறந்த கேட் கிரீனவே ஒருவர். தன் காலத்துக்கும் முந்திய பாணியில் உயர்ந்த இடுப்புச் சட்டையும் தொப்பியும் போட்டுப் பிள்ளைகளை வரைந்தார். இரண்டாமவர் அமெரிக்காவின் ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித், 1863 முதல் 1935 வரை வாழ்ந்தவர். கரியால் வரைந்து அதன்மேல் நிறத்தை மெல்லியதாகப் பரப்புவார். முகத்தில் வெளிச்சம் விழும், ஓரங்கள் கரையும். மூன்றாமவர் சிசிலி மேரி பார்க்கர். 1923இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பூத்தேவதைப் படங்களில் ஒவ்வொரு பூவும் தாவரவியல் புத்தகத்தில் இருப்பதுபோலத் துல்லியமாக இருக்கும். பிள்ளைகளோ அவருடைய அக்காவின் பாலர் வகுப்புக்கு வந்தவர்கள்.

பழகுவதற்கு நான் கிரீனவேயைச் சொல்வேன். காரணம் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. அவருடைய படங்களை எட்மண்ட் எவன்ஸ் என்பவர் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. ஒரே தாள் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் போய்வர வேண்டும். 1879இல் வந்த முதல் நூலுக்கு எவன்ஸ் துணிந்து 20,000 பிரதிகள் அடித்தார் என்றால், அத்தனை தடவையும் தாளும் கட்டையும் பொருந்தி நின்றிருக்க வேண்டும். நிறத்தைக் கூட்டினால் கட்டை கூடும், செலவு கூடும். ஆகவே நிறங்கள் கொஞ்சம், ஒவ்வொன்றும் தன் கோட்டுக்குள் தட்டையாக இருக்கும். பார்த்து வரைபவர் அதே வழியில் ஒவ்வொரு நிறமாகப் போகலாம்: முதலில் கோடு, பிறகு படம் முழுவதிலும் உள்ள வெளிறிய மஞ்சள், அது காய்ந்ததும் இளஞ்சிவப்பு, பிறகு நீலம், பச்சை. இப்படி ஒரு நேரத்தில் ஒரு நிறத்தை மட்டும் நினைத்தால் போதும் என்பது தொடங்குகிறவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வரைந்து பார்த்தால் தெரியும். ஸ்மித்தின் படத்தில் இப்படிப் பிரிக்க முடியாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். அதை ஒரு வருடம் கழித்து எடுக்கலாம். பார்க்கரின் படத்தில் இலை நரம்பை எண்ணிக்கொண்டே மாலைப்பொழுது போய்விடும்.

வரைந்ததை விற்கிற எண்ணம் இருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. கிரீனவே, ஸ்மித் இருவருக்கும் அந்தக் காலம் கடந்துவிட்டது. பார்க்கர் 1973இல் இறந்தவர். 2043 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

படத்தைத் தொலைபேசியில் பார்த்து வரைவதா, அச்செடுத்து வரைவதா என்பதில் நான் ஏமாந்தேன். திரை இரவில் மஞ்சளாகவும் பகலில் நீலமாகவும் காட்டியது. முதல் படத்தின் பச்சை மூன்று இடத்தில் மூன்று பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம். போட்டோக்கொப்பிக் கடையில் எடுத்த கலர்ப் பிரதியில் இளஞ்சிவப்பு செங்கல் நிறமாகிவிட்டது. கடைசியில் ஒரு ஸ்டூடியோவில் படத்தாளில் ஏ4 அளவுக்கு அச்செடுத்தேன். கொஞ்சம் செலவு, ஆனால் அது மாறாமல் இருக்கிறது. பழைய நூலின் தாள் பழுத்துப்போன மஞ்சளும் அச்சில் சேர்ந்து வரும். அதையும் படத்தின் நிறம் என்று நினைத்து நான் தாள் முழுவதும் தேநீர் நிறம் பூசியதை இங்கே சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாதிருக்க.

இனி வர்ணம். போஸ்டர் கலர் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அடியில் இருப்பதை மறைக்கும். வெள்ளைச் சிறுபூக்களுக்கு அதைவிடச் சுலபமானது இல்லை: பச்சையைப் பூசி, காய்ந்ததும் வெள்ளையால் ஐந்து புள்ளி வைத்தால் பூ. கூடை என்னவோ முதல் நாளே அழகாக வந்துவிட்டது. முகத்தில்தான் வினை. போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். கன்னத்துக்கு இரண்டாவது பூச்சுக் கொடுக்கும்போது கீழே இருந்த நிறம் எழும்பி வந்து கலந்தது. திருத்தத் திருத்தச் சேறானது. வெள்ளை கலந்து வெளுக்க வைத்தால் சுண்ணாம்பு பூசியது போல ஆனது. அந்தச் சேற்றில் வந்த கோடுகள்தான் அவளுடைய நாற்பது வயது.

அக்ரிலிக்கில் அந்தக் குறை கிடையாது. ஒருவகைப் பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தால் காய்ந்ததுதான், மேலே எத்தனை பூச்சும் கொடுக்கலாம். பலகையிலோ கன்வஸிலோ தீட்டினால் கண்ணாடிச் சட்டமும் தேவையில்லை; அந்தக் காசு மிச்சம். ஆனால் நான் தொடங்கியது கச்சான் நாளில். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், இது வறுத்துத் தின்கிற கச்சான் அல்ல. வருடத்தின் நடுவில் மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று, கொடியில் போட்ட சாரத்தை அரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆக்கிவிடும். சாரத்துக்கே அந்தக் கதி என்றால் பயறளவு வர்ணத்துக்கு என்ன கதி? கன்னத்தின் இளஞ்சிவப்பை வைத்து, தூரிகையைக் கழுவி, ஓரத்தைத் தேய்த்துக் கரைக்கப் போவதற்குள் அது இறுகிவிட்டது. அறை வாங்கிய கன்னம் அப்படி வந்தது. சோற்றுப் பெட்டியில் நனைத்த துணியை விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாளை வைத்து அதில் நிறம் கலந்தால் சற்று நேரம் தாங்கும். மூடி வைத்தால் மறுநாளும் இளக்கமாக இருக்கும். தாளில் வைத்த நிறத்துக்கு இந்த வைத்தியம் உதவாது. கழுவ மறந்த தூரிகை ஒன்று இப்போது என் வீட்டில் பசை தடவப் பயன்படுகிறது.

எண்ணெய் வர்ணத்தை நான் முயலவே இல்லை. டர்பன்டைன் வாடையும், காய நாட்கணக்கில் காத்திருப்பதும், சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற இரண்டு அறை வீட்டுக்குச் சரிவராது.

கலர் பென்சிலைப் பற்றிப் பலர் இளக்காரமாக நினைக்கிறார்கள், சிறுபிள்ளைச் சாமான் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. யாராவது வாசலில் கூப்பிட்டால் பென்சிலை வைத்துவிட்டு எழும்பலாம், திரும்பி வரும்போது எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும். தண்ணீர் வேண்டாம், துணி வேண்டாம். முகத்தின் மேடு பள்ளம் கைக்குப் பிடிபட்டது பென்சிலில்தான்: அழுத்தாமல், ஒரே திசையில், ஆறேழு மெல்லிய அடுக்கு. மூக்குக்கென்று ஒரு கோடும் போடாமல் நிழலால் மட்டும் மூக்கு எழும்பியபோது எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் உள்ளங்கையளவு இடத்தை நிரப்ப ஒரு மாலை போய்விடும். ஏ4 தாளில் நிற்கும் முழு உருவத்துக்குப் பொறுமை இருப்பவர்கள் செய்யட்டும். நான் முகத்தை மட்டும் அதில் பழகச் சொல்வேன்.

நீர்வர்ணம் கிரீனவே பாணிப் படத்தின் இயல்புக்கு மிகக் கிட்டியது. கோட்டுக்குள் மெல்லிய நிறம், அதனூடே தாளின் வெண்மை தெரிய வேண்டும். அதற்கென்றே இருக்கிற வர்ணம் இது. ஆனால் எல்லோரும் வர்ணப் பெட்டிக்குக் காசைக் கொட்டிவிட்டுத் தாளில் மிச்சம் பிடிப்பார்கள். நானும் அப்படித்தான். பள்ளிக்கூட நினைவில் பிரிஸ்டல் போர்ட் வாங்கினேன். வழுவழுப்பான அட்டை அது. தண்ணீரை உறிஞ்சாமல் மேலேயே குட்டையாக நிறுத்தியது. தூரிகையால் இரண்டாம் தரம் தொட்டதும் மேல்தோல் உருண்டு திரண்டது, குளிக்கும்போது உடம்பில் அழுக்கு உருள்கிற மாதிரி. டிமைத் தாளில் முயன்றபோது தாள் அப்பளமாக நெளிந்தது. சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வர்ணத் தாள் வேண்டும் என்பதை இரண்டும் போன பிறகு ஏற்றுக்கொண்டேன். நம் கடைகளில் எப்போதும் கிடைக்காது. கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கினேன். ஒரு தாளை நான்காக வெட்டிப் பழகினால் கை கூசாது. வர்ணத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற 12 நிற வில்லைப் பெட்டியே ஆறு மாதத்துக்குப் போதும்.

அடுத்த கஷ்டம் வெள்ளை. நீர்வர்ணத்தில் தாள்தான் வெள்ளை. கூடையில் இருக்கிற வெண்பூவை நீங்கள் வரைவதில்லை. அதைச் சுற்றியுள்ள இலையின் பச்சையை வரைகிறீர்கள், பூ மிஞ்சுகிறது. 2ஆம் இலக்கத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் வெளியிலிருந்து தொட்டுக்கொண்டு போக வேண்டும். முதல் பூவுக்குக் கால் மணி நேரம் எடுத்தது. ஐந்தாவது பூவில் கை தானாகப் போனது. போஸ்டர் கலரில் ஐந்து புள்ளியில் முடிந்த வேலைதான் இது. ஆனால் பூ எப்படி இலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தப் புள்ளிகள் எனக்குச் சொல்லித்தரவில்லை. வெள்ளைச் சட்டையும் அப்படியே: மடிப்புகளில் மட்டும் நீலம் கலந்த சாம்பல், அதுவும் கழுவிய தண்ணீர் போல. மிச்சம் வெறும் தாள்.

இங்கேயும் காற்று குறுக்கே வரும். கச்சானில் நிறத்தின் ஓரம் உடனே காய்ந்து வாவிக்கரையில் நீர் வற்றிய தடம்போலக் கோடு விழும். நான் விடியற்காலை ஐந்தரைக்கு, யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வரைகிறேன். கன்னத்துக்கு முதலில் வெறும் தண்ணீர் பூசி, அதன் பளபளப்பு மங்குகிற நேரம் பார்த்து இளஞ்சிவப்பில் ஒரு துளி. அது தானாகப் பரவி நிற்கும், தொடக்கூடாது. தொடாமல் இருப்பதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட நின்றிருக்கிறேன். மாரியில் இதே வேலை சுலபம், நிறம் ஆறுதலாகப் பரவும். ஆனால் ஈரத்தோடு மூடிய வர்ணப் பெட்டியில் பூஞ்சணம் பிடிக்கும், தாளில் பழுப்புப் புள்ளி விழும். மருந்துப் போத்தலுக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துத் தாள் வைக்கும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

உருவத்தைத் தாளுக்கு மாற்றுவதில் மூன்று வழி. பார்த்து வரைவது, கட்டம் போட்டு வரைவது, ஒற்றி எடுப்பது. நான் ஏழாம் ஆண்டில் படிக்கும்போது யன்னல் கண்ணாடியில் வைத்து ஒற்றிய படம் ஒன்றை ஆசிரியர் ஒருவர் வகுப்புக்குக் காட்டி, "இது களவு" என்றார். முப்பது வருடமாக நான் தூரிகை தொடாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போது சொல்கிறேன்: நிறம் பழகுகிற நாளில் ஒற்றுவதில் ஒரு குற்றமும் இல்லை. வரைதலையும் நிறத்தையும் ஒரே இரவில் பழகப் போனால் இரண்டும் கெடும். ஆனால் ஒற்றியதே பழக்கமானால் கண் சோம்பேறியாகும். உடம்புக்கும் கூடைக்கும் நான் கட்டம் போடுகிறேன். ஏ4 தாளில் 2 சென்ரிமீற்றர்க் கட்டம் என்றால் குறுக்கே பத்து, நெடுக்கே பதினான்கு. முகத்துக்கு மட்டும் அதை நான்காகப் பிரிக்கிறேன். பிள்ளையின் கண்கள் தலையின் பாதி உயரத்துக்குக் கீழே இருக்கும், நெற்றி பெரிது. கண்ணை ஒரு மில்லிமீற்றர் மேலே ஏற்றினாலே பிள்ளை பெரியவளாகிவிடுகிறாள். போஸ்டர் கலரில் வந்த நாற்பது வயதில் பாதிப்பழி இந்த மில்லிமீற்றருக்கும் சேரும்.

அப்படியே பிரதி எடுப்பதா, நம் பிள்ளையாக மாற்றுவதா? மருமகளுடைய பாஸ்டல் பெட்டியில் "தோல் நிறம்" என்று ஒரு குச்சி இருக்கிறது, வெளிறிய இளஞ்சிவப்பு. அவளுடைய வகுப்பில் அந்த நிறத்தில் ஒருவரும் கிடையாது. அந்தக் குச்சி மட்டும் பெட்டியில் தேயாமல் கிடக்கிறது. முதல் பிரதியை மூலத்தில் உள்ளபடியே செய்யுங்கள் என்பது என் அபிப்பிராயம். எங்கே பிழைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். அடுத்ததில் மாற்றலாம், ஆனால் தோலை மட்டும் மாற்றினால் நிற்காது. மூலத்தில் முகம் வெளிறியது, கண்ணும் வாயும் மெல்லிய கோட்டில் தெரிகின்றன. பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் யெல்லோ ஓக்கர் என்கிற மண்மஞ்சளும் கலந்து நம் பிள்ளையின் நிறத்தைப் பூசியதும் அந்தக் கோடுகள் உள்ளே போய்விட்டன. கண்ணை இன்னும் கருமையாக்கி, நிழலுக்கு அல்ட்ராமரின் நீலம் சேர்த்து, தொப்பியின் உட்புறத்தை வெளுக்க விட்ட பிறகுதான் முகம் முன்னே வந்தது. வெள்ளைச் சட்டை மூலத்தை விடவும் பளிச்சென்று எடுத்துக் காட்டியது எதிர்பாராத லாபம்.

பூவிலும் அப்படித்தான். மருமகள் செவ்வரத்தை வைக்கச் சொன்னாள். வைத்துப் பார்த்தேன், மூன்று பூவில் கூடை நிறைந்து, பிள்ளையின் முகத்தை விடப் பூ பெரிதாகிவிட்டது. நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் அளவில் பொருந்துகின்றன, வேலியோரத்தில் வருடம் முழுக்கப் பூக்கின்றன, பறித்து ஒரு கோப்பையில் வைத்துப் பார்த்தே வரையலாம்.

ஆசிரியரிடம் போவதா என்று கேட்டால், கல்லடியிலேயே சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, ஆனால் அது பட்டப்படிப்புக்கு. அங்கே படித்த யாராவது உங்கள் தெருவில் இருந்தால் மாதம் ஒரு தரம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிழமைக்கு மூன்று வகுப்பை விட அது கூடப் பயன் தரும். காணொளி பார்த்துப் பழகலாம், ஆனால் அவர்களுடைய தாள் காய்கிற வேகம் வேறு, நம்முடைய தாள் காய்கிற வேகம் வேறு.

ஆக, பயம் இருப்பவர் கலர் பென்சிலில் முகத்தை மட்டும் இரண்டு மூன்று தரம் செய்துவிட்டு, நல்ல தாள் வாங்கி நீர்வர்ணத்துக்குப் போகலாம். பெரிதாகச் சுவரில் தொங்கவிட விரும்பி, ஸ்மித் போன்றவருடைய படத்தில் மனம் போனால் அக்ரிலிக், அதையும் மழைக்காலத்தில் தொடங்குங்கள். போஸ்டர் கலரை நான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது சிறுமி இப்போது பலகையில் இருக்கிறாள். பன்னிரண்டு நித்தியகல்யாணியில் ஏழு முடிந்திருக்கிறது. சட்டையின் சாம்பல் நிழலும் போட்டாகிவிட்டது. முகம் வெறும் தாளாகவே இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கி ஈரம் ஏறட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.